கொக்கிக் கை

அவளை நல்லவள் என்று நான் எழுதினால் அவளே எழுந்து வந்து என்னைத் திட்டுவாள். தன்னைப் பற்றி ஒருவர் பேசிய பேச்சை அவள் மறந்து நான் பார்த்ததில்லை. மன்னித்தும் பார்த்ததில்லை. அதனால்தான் எனக்கு அவளைப் பிடித்தது. நானும் அந்த வகைதான்.

புனே பக்கம் சிஞ்ச்வட்டில் எங்கள் ஹவுசிங் சொசைட்டியில் முதல் மாடி. என் கதவுக்கு எதிர்க்கதவு அவளுடையது. இரண்டு வீட்டிலும் திருநெல்வேலிப் பேச்சு. அவள் என்னை எக்கா என்பாள். நான் அவளை ஏளா என்பேன். குழந்தையில் வந்த காய்ச்சலில் அவளுக்கு இரண்டு காலும் சூம்பிவிட்டன. அதற்குச் சேர்த்துக் கைகள் வளர்ந்திருந்தன. அவ்வளவு நீளமான கைகளை நான் ஒரு மனுஷியிடம் கண்டதில்லை. ரவிக்கையின் தோள் தையல் எப்போதும் விட்டிருக்கும். நான்தான் தைத்துக் கொடுப்பேன்.

அவள் வீட்டில் தரை தேயவே இல்லை. இன்றைக்கும் போய்ப் பார்த்தால் டைல்ஸ் புதிதாகத்தான் மின்னும். தேய்ந்தது எல்லாம் மேலே. அவள் அப்பா ஒரு கம்பெனியில் வெல்டராக இருந்தவர். கூரை கான்கிரீட்டில் கொக்கி பதித்து, அதற்கு ஒரு சாண் கீழே வீடு முழுக்க இரும்புப் பைப் ஓட்டியிருந்தார். கட்டில் தலைமாட்டிலும் அடுப்படியிலும் முடிச்சுப் போட்ட கயிறு தொங்கும். அவள் கயிற்றில் ஏறி, பைப்பில் கை மாட்டி, கை மாற்றிக் கை போட்டு ஆடி ஆடிப் போவாள். கால் இரண்டையும் பழைய சேலைத் துணியால் சேர்த்துக் கட்டியிருப்பாள். இல்லாவிட்டால் டிவி மேல் இடிக்கும்.

ஹாலுக்கும் அடுக்களைக்கும் நடுவில் குறுக்கே ஒரு பீம். பைப் அங்கே நின்றுவிடும். அந்தப் பக்கம் அடுக்களைப் பைப் கொஞ்சம் தாழ்வாகத் தொடங்கும். இரண்டுக்கும் கை எட்டாது. அதற்காக அப்பா பீமில் மிஷின் பெல்ட் துண்டு ஒன்றை வளையமாகத் தொங்கவிட்டிருந்தார். பேருந்தில் நின்றுகொண்டு போகிறவர்கள் பிடிப்பார்களே, அந்த மாதிரி.

இந்த நடையைச் சொல்லிக்கொடுத்தது ஒரு குரங்கு என்று அவளே சொல்லுவாள், பெருமையாக. சிறு பிள்ளையாக இருந்தபோது கம்பெனி லீவில் அப்பா ரயிலேறி எங்கேயோ கூட்டிப்போயிருக்கிறார். அங்கே மிருகக்காட்சிசாலையில் கிப்பன் என்று ஒரு கருங்குரங்கு. உடம்பெல்லாம் கறுப்பு, புருவம் மட்டும் வெள்ளை. புலி பார்க்கலாம் வா என்று அப்பா கூப்பிட்டும் அவள் அசையவில்லையாம். காட்சிசாலையை மூடும்வரை அந்தக் கூண்டு முன்னாலேயே உட்கார்ந்திருந்தாளாம்.

எங்கள் மொட்டைமாடிக்கு எப்போதாவது லங்கூர் குரங்கு வரும். அதைக் கண்டால் அவளுக்கு இளக்காரம்.

"இதெல்லாம் ஒரு குரங்கா எக்கா? காலால எத்தித் தாவுது, வால வச்சு சமாளிக்கு. அந்தக் கிப்பனுக்கு வாலே கெடையாது. காலை மடக்கி வயித்தோட ஒட்டி வச்சிக்கிட்டு கையாலயே நடக்கும். காலு வேண்டவே வேண்டாம் பாத்துக்கிடுங்க. அதைப் பாத்த அன்னைக்குத்தான் எனக்கு வயிறு குளுந்துச்சு."

ஒரு நாள் அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் நான் அவள் கட்டிலில் ஏறி நின்று பைப்பைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். மூச்சு விடுவதற்குள் விரல் எரிந்தது. குளியலறையில் இருந்து வந்தவள் என் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டு சிரித்தாள்.

"ஏன் இப்படி முறுக்கிப் பிடிக்கிய? பிடிக்காதிய, மாட்டுங்க. நாலு விரலும் கொக்கி. கட்டைவிரல் சும்மா கெடக்கட்டும். கீழ போறப்ப உடம்பைப் போக விடணும். அந்த வேகமே அந்தப் பக்கம் தூக்கிவிட்டுரும். கைக்கு ஒரு வேலையும் கெடையாது. உடம்பைத் திருப்பணும், அம்புட்டுத்தான்."

"எனக்கு எதுக்குளா இந்த வயசுல? இறக்கிவிடு."

அந்தக் குரங்குக்கு இரண்டு விதமான போக்கு உண்டு என்பாள். சாவகாசமாகப் போகும்போது ஒரு கை கம்பியில் இருந்துகொண்டே இருக்கும். மறு கை மாட்டிய பிறகுதான் இது விடும். அவசரம் என்றால் பறக்கும். இரண்டு கையும் காற்றில். அந்த நேரத்துக்கு உலகத்தில் அதற்கு ஒரு பிடிமானமும் இல்லை.

"நீ பறந்து பாத்திருக்கியாளா?"

"விழுந்தா எவனாவது வந்து தூக்கணும். நம்மளை அடுத்தவன் தூக்குறது நமக்குப் பிடிக்காது எக்கா."

கை வியர்த்தால் வழுக்கும். அதற்காக ஒவ்வொரு கயிற்றின் அடியிலும் ஒரு விபூதி டப்பா வைத்திருப்பாள். ஏறுவதற்கு முன்னால் இரண்டு உள்ளங்கையிலும் விபூதியைத் தேய்த்துக்கொள்வாள். வருகிறவர்கள் எவ்வளவு பக்தி என்று நினைப்பார்கள். சாமி பெயரை அவள் வாயில் நான் கேட்டதில்லை.

அவள் கோபம் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டில் சொசைட்டி செக்ரெட்டரி குடும்பம். கணபதி பூஜை நேரத்தில் பத்துப் பேர் நடுவில் செக்ரெட்டரி மனைவி இவளைப் பார்த்து, "மாகடீண்" என்றாள். மராட்டியில் பெண்குரங்கு. எல்லோரும் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். எனக்குத்தான் அந்தச் சிரிப்பைக் கண்டு பயம் வந்தது.

கணபதி போய், தீபாவளி போய், சங்கராந்தியும் வந்தது. ஒரு காலையில் செக்ரெட்டரி மனைவி குப்பை போட வெளியே வந்தாள். கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொண்டது. உள்ளே அடுப்பில் குக்கர். விசில் நின்று தீய்கிற வாடை வருகிறது. அவள் மாடிப்படியில் உட்கார்ந்து அழுகிறாள். பிறகு கீழே ஓடி, தன் அடுக்களை ஜன்னலுக்கு நேராக நின்று கத்துகிறாள். நான் எதிர்வீட்டுக்குள் போய்ச் சொன்னேன். இவள் விபூதியைத் தேய்த்தாள். தன் ஜன்னல் கிரில்லின் சின்னக் கதவைத் திறந்து வெளியே போய், ஒரு ஜன்னல் கிரில்லிலிருந்து அடுத்த ஜன்னல் கிரில்லுக்குக் கை மாற்றிப் போட்டாள். கீழே கார் நிற்கிற சிமெண்ட் தரை. எனக்குக் கண்ணை மூடத் தோன்றியது, மூடவில்லை.

அவர்கள் அடுக்களை ஜன்னலில் போய்த் தொங்கினாள். கையை உள்ளே விட்டால் அடுப்புத் திருகு. ஆனால் விடவில்லை. ஒற்றைக் கையில் ஆடிக்கொண்டு கீழே பார்த்து, மரியாதையாகக் கேட்டாள்.

"மாகடீண் ஆலீ ஆஹே, வஹினி. கேஸ் பந்த் கரூ கா?"

குரங்கு வந்திருக்கிறது அண்ணி, கேஸை அணைக்கட்டுமா என்று. அந்த அம்மாள் கை கூப்பினாள். "மாஃப் கர்" என்றாள். இவள் காது கேட்காதது போல இன்னொரு தடவை கேட்டாள். மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி மன்னிப்பு வந்த பிறகுதான் கை உள்ளே போனது. திரும்பி வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, "பருப்பு போச்சு" என்றாள்.

சரி, அவள் தம்பி கதைக்கு வருகிறேன்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு அந்த வீட்டில் அவள் தனியாகத்தான் இருந்தாள். தம்பி புனேயிலேயே வாகட் பகுதியில் பெரிய அபார்ட்மெண்டில், ஐடி வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்து காபி குடித்துவிட்டு மேலே பார்த்து முகம் சுளிப்பான். அவனுக்குச் சிஞ்ச்வட் வீட்டை விற்க வேண்டும். பைப்பைக் கண்டால் எவன் வாங்குவான் என்பது அவன் கவலை. அந்தக் கூரைக்குக் கீழே அவனுடைய அக்கா இருக்கிறாள் என்பது அவனுக்குக் கவலையாகவே இல்லை.

பங்குனி உத்திரத்துக்கு நானும் அவளும் தேஹு ரோட்டில் அவளுடைய மாமா வீட்டுக்குப் போயிருந்தோம். தாய்மாமா, டெப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தக் குடும்பத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. சில நாள் தங்கித் திரும்பி வந்து கதவைத் திறந்தால், ஹாலில் தம்பி நிற்கிறான். தலைக்கு மேலே பாலாடை மாதிரி வெள்ளைச் சீலிங். ஓரமெல்லாம் பூ வேலை, நடுவில் சின்னச் சின்ன லைட். பைப்பைக் காணோம். கயிறுகளை அறுத்திருந்தான். பீமில் பெல்ட் வளையமும் இல்லை.

"எப்படிக்கா இருக்கு? இனிமே நீ தொங்கிக் கஷ்டப்பட வேண்டாம். பாரு, வீல்சேர் வாங்கியிருக்கேன்."

அவள் என் தோளில் இருந்தாள். ஆட்டோவில் இருந்து நான்தான் முதுகில் சுமந்து ஏறினேன். வெளியே போய்வர என் முதுகை மட்டும்தான் அவள் ஒத்துக்கொள்வாள். என் கழுத்தைச் சுற்றியிருந்த கை இறுகியது. கொக்கியாக இல்லை, பிடியாக. அவள் அப்படிப் பிடித்து நான் கண்டதே கிடையாது.

"நல்லாருக்குல," என்றாள். அவ்வளவுதான்.

அந்த வீல்சேர் குளியலறை வாசலில் நுழையாது. அடுக்களைப் படி ஏறாது. தன் கையால் தண்ணீர் எடுத்துக் குடித்தவள், இப்போது தண்ணீருக்கு என்னைக் கூப்பிட வேண்டும். மற்றதற்கும் என்னைத்தான் கூப்பிட வேண்டும். நான் முகம் கோணவில்லை. ஆனால் அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதற்காக அவனை நான் மன்னிக்கவில்லை. இன்றுவரை இல்லை.

சீலிங் போட்ட கூலியாள் மேல்மாடி வேலைக்கு வந்தபோது கூப்பிட்டு டீ கொடுத்தேன். நைசாகப் பைப்பை எங்கே போட்டாய் என்று கேட்டேன்.

"நிகாலா ஹீ நஹீ, தாயி," என்று சிரித்தான். எடுக்கவே இல்லையாம். பைப்பை வெட்டினால் கூரை உடையும், மழைக்கு ஒழுகும், செலவு ஏறும் என்று தம்பி வேண்டாம் என்றுவிட்டானாம். பைப்பிலேயே கம்பி கட்டி அதில் சீலிங்கைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

நான் போய்ச் சொன்னேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் திரும்பினாள்.

"என் பைப்புலயா அவன் சீலிங் தொங்குது?"

"ஆமாளா."

சிரித்தாள். கணபதி பூஜையில் சிரித்த அதே சிரிப்பு.

"உலக்கை கொண்டு வாரேன். இப்பமே உடைச்சிருவோமா?"

"ஆள் வரட்டும் எக்கா. யாரும் இல்லாத வீட்டுல உடைச்சா அதுக்குப் பேரு மராமத்து."

கட்டிலை ஜன்னல் ஓரம் நகர்த்தச் சொன்னாள். தினமும் கிரில்லைப் பிடித்து உடம்பைத் தூக்குவாள், இறக்குவாள். வியர்வை தலையணையை நனைக்கும். யாராவது வந்தால் படுத்துக்கொண்டு முனகுவாள்.

ஆட்களை அவனே கூட்டி வந்தான். தேஹு ரோட்டு மாமாவையும் சொந்தக்காரர் சிலரையும் விருந்துக்கு அழைத்திருந்தான். எதற்கு விருந்து என்று எனக்குத் தெரியும். அவன் பெண்டாட்டி ஃபோனில் பேசியது என் காதில் விழுந்திருந்தது. அக்காவை ஆளந்திப் பக்கம் ஒரு ஹோமில் சேர்க்க வேண்டும். மாமா தலையாட்டிவிட்டால் மறு வாரமே வீடு காலி.

என்னிடம் வந்து குழைந்தான். "எக்கா, மாமாவுக்கு சொதின்னா உயிரு. என் வீட்டுக்காரிக்கு வைக்கத் தெரியாது. நீங்கதான்..."

வைத்தேன். தேங்காய்ப் பால் மூன்று பாலும் எடுத்து, முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் போட்டு, என் வாழ்நாளில் வைத்த சொதியிலேயே அதுதான் முதல்தரம். கூட இஞ்சிப் பச்சடி. இஞ்சி தட்டும் சின்ன இரும்பு உலக்கையின் கழுத்தில் ஒரு நாடாவைக் கட்டி, என் இடுப்பில் செருகிக்கொண்டேன். அவளை வீல்சேரில் உட்காரவைத்து, "காத்து வரட்டும்" என்று ஜன்னல் ஓரம் தள்ளினேன்.

எல்லோரும் ஹாலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மாமா இரண்டாம் தடவை சொதி ஊற்றிக்கொண்டபோது தம்பி பேச்சை எடுத்தான்.

"மாமா, நீங்களே பாக்கிய. அவளால ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடிக்க முடியல. எதிர்வீட்டு அக்கா எத்தனை நாள் பாப்பாங்க? அந்த ஹோம் சுத்தமா இருக்கு. நர்ஸ் இருக்கு."

மாமா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "அவ என்ன சொல்லுதா?"

"அவ என்ன மாமா சொல்லுவா, அசைய முடியாதவ."

நான் அவளைப் பார்த்தேன். மடியில் இருந்த டப்பாவைத் திறந்து உள்ளங்கையில் விபூதியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தம்பி பெண்டாட்டி எல்லோரிடமும் மெதுவாக, "மைனி சாமி கும்பிடுதாங்க" என்றாள்.

"எக்கா, அதைத் தாங்க," என்றாள் அவள்.

கொடுத்தேன். நாடாவை மணிக்கட்டில் மாட்டினாள். கிரில்லில் கை வைத்தாள். கம்பிக்குக் கம்பி மாறி, ஜன்னல் உச்சிக்குப் போய், இடது கையில் தொங்கிக்கொண்டு வலது கையால் ஓங்கி ஒரு அடி. சீலிங் விரிசல் விட்டது. இரண்டாம் அடியில் ஓட்டை. மாமா இலைக்கு மேல் வெள்ளைத் தூள் கொட்டியது.

"ஏய், ஏய், என்ன பண்ணுத!" தம்பி எழுந்தான்.

அவள் கை ஓட்டைக்குள் போய்ப் பைப்பில் மாட்டியது. உடம்பு கிரில்லை விட்டு ஹாலுக்குள் ஆடி வந்தது. போகிற போக்கில் அடுத்த அடி, அடுத்த மாட்டு. அவள் திரும்பத் திரும்ப, பைப் குலுங்கக் குலுங்க, கட்டியிருந்த கம்பிகள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. பூ வேலையெல்லாம் பலகை பலகையாக அவளுக்குப் பின்னால் விழுந்துகொண்டே வந்தது. லைட்டுகள் வயரில் தொங்கின. சொந்தக்காரர்கள் இலையைத் தூக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டினார்கள். மாமா மட்டும் எழுந்திருக்கவில்லை. அண்ணாந்து பார்த்தபடி இருந்தார்.

பீம் வந்தது. பெல்ட் வளையம் இல்லை. அவள் பைப்பின் கடைசியில் ஒற்றைக் கையில் நின்றாடினாள். அந்தப் பக்கம் அடுக்களைப் பைப். அங்கே சீலிங் போடவில்லை, வருகிறவர்கள் அடுக்களையைப் பார்க்க மாட்டார்கள் அல்லவா. கை எட்டாது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். விழுந்தால் அவன் சொன்னதுதான் நடக்கும். இடுப்பும் போய், நிஜமாகவே அசைய முடியாதவளாக ஹோமுக்குப் போவாள்.

தம்பி கீழே வந்து இரண்டு கையையும் நீட்டினான். "அக்கா, விட்டுரு! நான் பிடிச்சுக்கிடுதேன்! என் மேல விழு!"

"விலகுல," என்றாள்.

மணிக்கட்டிலிருந்து உலக்கையை உதறினாள். அது அவன் காலடியில் விழுந்தது. பின்னால் ஒரு ஆட்டம். முன்னால் ஒரு ஆட்டம். கட்டியிருந்த காலை இடுப்போடு முறுக்கி இழுத்தாள். விட்டாள்.

இரண்டு கையும் காற்றில் இருந்ததை நான் பார்த்தேன். உலகத்தில் அவளுக்கு ஒரு பிடிமானமும் இல்லை. அவள் முகத்தில் பயம் இல்லை. எரிச்சல்தான் இருந்தது, இவ்வளவு நேரம் ஆகிவிட்டதே என்பது மாதிரி. பீமுக்கு அடியில் புகுந்து போனாள். அடுக்களையில் இரும்பு அதிர்கிற சத்தம் கேட்டது.

நாங்கள் ஓடிப் பார்த்தபோது அவள் அடுப்பு மேடையில் இறங்கி உட்கார்ந்திருந்தாள். குடத்தைச் சாய்த்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்தாள். குடித்தாள். இன்னொரு டம்ளர் எடுத்தாள்.

"மாமா, உங்களுக்குத் தண்ணி வேணுமா?"

மாமா எழுந்து வந்து, அவள் கையால் வாங்கிக் குடித்தார். தம்பி வாசலில் நின்றான். சட்டையெல்லாம் தூள். புருவம் இரண்டும் வெளுத்திருந்தன. அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"உனக்கு அந்தக் குரங்கோட புருவம் மட்டும் வந்துட்டுல. கை வரல."

மாமா டம்ளரைக் கழுவி வைத்தார். தம்பியிடம், "அந்த ஹோம் சுத்தமா இருக்குன்னியே, வேணும்னா நீ போய் இரு," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "சொதி மிச்சம் இருக்காம்மா?" என்றார். இருந்தது. இரண்டாவது பாத்திரத்தை நான் மூடித்தான் வைத்திருந்தேன்.

மறு நாளே தம்பி ஆளைக் கூட்டி வந்தான், உடைந்ததை எடுத்துச் சுத்தம் பண்ண. அவள் விடவில்லை. விழுந்ததை அள்ளினால் போதும், தொங்குவது தொங்கட்டும் என்றாள். கயிறுகளை நான் கட்டினேன். பெல்ட் வளையத்தை அவனையே ஏணியில் ஏற்றி மாட்டவைத்தாள். "இன்னும் இறுக்கு. இன்னும்," என்று கட்டிலில் சாய்ந்துகொண்டு அதிகாரம் பண்ணினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் அவன் வருவான். அந்தப் பிய்ந்த சீலிங்குக்கு நேர் கீழேதான் அவனுக்கு இலை. அவன் சாப்பிடும்போது அவள் தலைக்கு மேலே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வருவாள், அப்பளம் எடுத்து வருகிறேன் என்று.

அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். காய்ச்சலில் படுத்தவள் கஷ்டப்படாமல் போனாள். கடைசியாக அவளைக் குளிப்பாட்டியபோது உள்ளங்கையைப் பார்த்தேன். தோல் காய்த்துக் கல் மாதிரி இருந்தது. நாலு விரலும் மடங்கியே இருந்தன. நிமிர்த்த வரவில்லை. நான் நிமிர்த்தவும் இல்லை.

இப்போது தம்பி வீட்டை விற்கப் பார்க்கிறான். சீலிங்கை எடுத்துவிட்டான். பைப்பை வெட்டினால் கூரை ஒழுகும் என்ற பயம் இன்னும் அவனுக்கு இருக்கிறது. அதனால் பைப் அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வாங்குகிறவர்களைக் கூட்டி வருகிறான். அவர்கள் உள்ளே போய் அண்ணாந்து, "யே க்யா ஹை?", இது என்னது என்று கேட்பது என் வீடு வரை கேட்கும். அவன் துணி காயப்போடுகிறது என்கிறான், பழைய வயரிங் என்கிறான்.

அவன் சாவி போடும் சத்தம் கேட்டால் நான் என் கதவைத் திறந்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். வெளியே வருகிறவர்களைக் கூப்பிட்டு டீ கொடுப்பேன். அது துணி காயப்போடுகிற கம்பி இல்லை என்று ஆரம்பிப்பேன். எனக்கு ஹிந்தி நிதானமாகத்தான் வரும். குரங்கில் தொடங்கி டம்ளர் வரைக்கும் சொல்லி முடிக்க நேரம் ஆகும். அவன் படிக்கட்டில் நின்று வாட்சைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

வீடு இன்னும் விற்கவில்லை. எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.